மணியத்தின் காருக்கு ஒரு சிக்னல் சுவிட்ச்

என் ஆசை மச்சான் மணியத்துக்கு,

முதலில் உன்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறாள் உன் தங்கச்சி புஷ்பம். உயிரோடு இருந்தபோது திட்டினால் நீ சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விடுவாய். இப்போதாவது நின்று கேள்.

உன் மொரிஸ் மைனர் காரின் சிக்னல் சுவிட்ச் இருக்கிறதே, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் மாதிரி நீட்டிக்கொண்டு, அது என் உயிரை எடுத்துவிட்டது. நான் ஹாலிஎலயில் ஒரு சின்னக் கடை போட்டு ரைஸ் குக்கரும் ஸ்திரிக்கைப் பெட்டியும் திருத்துகிறவன். ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானம் பெயில். என் தலையிலா இதைக் கட்டிவிட்டுப் போவாய்?

உனக்கு ஒரு செய்தி. என் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். நல்ல பிள்ளை. நான் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறான், போகப் போகத் திருந்திவிடுவான்.

புஷ்பத்துக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டில் பிறந்த ஒரே காரணத்துக்காக நீதான் அவளுக்கு அண்ணன். பொங்கல் தவறாமல் சீலை கொண்டுவந்தாய். தர்ஷினி பெரியவளானபோது மாமன் சீர் சுமந்து வந்தாய். அன்றைக்கே சபையில் சொன்னாய்: “கல்யாணத்துக்கும் பிள்ளைய என் கார்லதான் மண்டபத்துக்குக் கொண்டு போவேன். மாமன்னு நான் எதுக்கு இருக்கேன்?” பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாய். எழும்பவில்லை.

கல்யாண நாள் குறித்ததும் உன் பெண்சாதி பாக்கியம் கார்ச் சாவியைக் கொண்டுவந்து புஷ்பத்தின் கையில் வைத்தாள். “அவரு இல்ல. வண்டியாச்சும் மாமன் முறைக்கு நிக்கட்டும் புஷ்பம்.” இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். அழுது முடித்த பிறகு என் பெண்சாதி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சட்டம் போட்டாள்.

“சிக்னல் எரியாத வண்டியில என் பிள்ளைய ஏத்த மாட்டேன். பதுளை ரோட்டுல பஸ்காரனுக ஓட்டுற ஓட்டம் தெரியும்ல? எரியலன்னா பேசாம வேன் ஒண்ணப் புடிங்க.”

வேனில் போனால் மாமன் முறை என்ன ஆவது? நீ சபையில் சொன்ன வார்த்தை என்ன ஆவது? தேட ஆரம்பித்தேன்.

பதுளை டவுனில் பழைய கார்ச் சாமான் விற்கிற ஹாஜியாரிடம் போனேன். பழுதான சுவிட்ச்சைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “இந்தச் சாமான் கேட்டு ஒரே ஒருத்தர்தான் தம்பி வருவாரு. ஸ்பிரிங்வெளி ஆளு. இல்லேன்னு சொன்னாலும் உக்காந்து பிளேன்டீ குடிச்சிட்டுத்தான் போவாரு. இப்ப காணவே இல்ல. வேற கடை பாத்துக்கிட்டாரோ?”

“இல்ல ஹாஜியார். ஆளு மௌத்து.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார். குடித்தேன். சுவிட்ச் இல்லை.

மொனராகலையில் ஒரு வீட்டு வளவுக்குள் உன் காருக்கு இரட்டைப் பிறவி மாதிரி ஒன்று கிடக்கிறது என்று யாரோ ஒருவன் சொன்னான். பஸ் ஏறிப் போனேன். கார் கிடந்தது உண்மை. அதற்குள் கொடி முளைத்திருந்ததும் உண்மை. சுவிட்ச்சை மட்டும் காணோம். வளவுக்காரர் ஒரு சிங்கள மாத்தயா, நல்ல மனுஷன், கோழிக் கூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே ஒரு கார் பெட்டரி, இரண்டு பல்ப், நடுவில் நம்முடைய சிக்னல் சுவிட்ச். இடப்பக்கம் தள்ளினால் இந்தப் பக்கக் குஞ்சுகளுக்குச் சூடு, வலப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கக் குஞ்சுகளுக்கு.

“வேற நல்ல சுவிட்ச் பூட்டித் தாறேன் மாத்தயா. மகளுக்குக் கல்யாணம்.”

“எனக்கு இதுதான் பழக்கம்,” என்றார் தமிழில். “உங்களுக்குக் கல்யாணம். எனக்குக் குஞ்சு.”

மனது கேட்காமல் ஒரு பப்பாசிப் பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதை மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தேன். “சாமான் கெடச்சிச்சா?” என்று வாசலிலேயே கேட்டாள் புஷ்பம். பப்பாசியைக் காட்டினேன். அன்றைக்கு இரவு அவள் எனக்கு ஒரு துண்டும் தராமல் பழத்தை முழுக்கச் சாப்பிட்டாள்.

பிறகு கொழும்பில் ஒருவன் போனில் படம் அனுப்பினான். பழையதைப் போலவே செய்த புதுச் சாமான் என்றான். பார்சல் வந்தது, பூட்டினேன், தட்டினேன். தண்டு கையோடு வந்துவிட்டது. போன் எடுத்துக் கேட்டால், “அண்ணே, கொஞ்சம் மெதுவாத் தட்டணும்” என்கிறான். சிக்னலை எப்படி மெதுவாகத் தட்டுவது மச்சான்? தாலாட்டா பாடுவது?

கடைசியில் உன் பழையதையே பிரித்தேன். மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த குட்டி ஸ்பிரிங் பறந்து போனது. முழுக் குடும்பமும் தரையில் தவழ்ந்தோம். கல்யாணப் பெண் அலுமாரிக்குக் கீழே படுத்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பார்த்தால், தேய்ந்துபோன தொடுமுனைக்கு நீ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை மடித்துச் சொருகி வைத்திருக்கிறாய். “டெம்பரரி மச்சான், அடுத்த கிழமை சரியாப் பண்ணிருவோம்” என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது தர்ஷினி பள்ளிக்கூடமே சேரவில்லை. உன்னுடைய அடுத்த கிழமை எப்போதடா வரும்?

அந்தத் தாளை எடுத்துப் போட்டேன். பழைய ரைஸ் குக்கர் ஒன்றிலிருந்து வெள்ளி முனைகளை வெட்டி எடுத்து, பித்தளைத் தகட்டில் தட்டிப் பூட்டினேன். இரண்டு தடவை சரிவரவில்லை, மூன்றாம் தடவை எரிந்தது. இடது எரிந்தது, வலது எரிந்தது. புஷ்பம் காருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “சரி, ஏத்தலாம்” என்றாள். அன்றைக்கு நான் என்ஜினியர் மாதிரி நடந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் காரைக் கழுவி, பொட்டு வைத்து, கோயிலுக்கு விட்டோம். பூசாரி அப்போதுதான் தண்ணீர் தெளித்து எடுத்த ஒரு மல்லிகை மாலையைத் தந்தார், வண்டிக்குப் போடச் சொல்லி. முன்னுக்குப் போட்டால் காற்றில் போய்விடும் என்று உள்ளே கொண்டுவந்தேன். கண்ணாடியில் மாட்ட இடம் இல்லை. கைக்கு வாட்டமாக நீட்டிக்கொண்டு நின்றது எது? நாள் முழுக்கக் கடையில் நின்று “கரண்டுல தண்ணி படக் கூடாது அம்மா” என்று ஊருக்குப் படிப்பித்துக் கொடுக்கிறவன், ஈர மாலையைக் கொண்டுபோய்ச் சிக்னல் சுவிட்ச்சில் மாட்டினேன். மாட்டிவிட்டு ஒரு கும்பிடும் போட்டேன்.

ஹாலிஎல தாண்டவில்லை. ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மல்லிகை வாசத்தோடு ரப்பர் கருகிய வாசம். சுவிட்ச் செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கி விட்டு, ரோட்டோரத்தில் பட்டுச் சட்டையோடு நின்றேன். பின் சீட்டிலிருந்து புஷ்பம் நேரத்தைக் கேட்டாள்.

“வேனுக்குப் போன் பண்ணவா?” என்றேன்.

“மாமா வண்டிய ரோட்டுல விட்டுட்டா?” என்றாள் தர்ஷினி. “ஏறுங்கப்பா. வலது பக்கம் நீங்க கையக் காட்டுங்க. இடது பக்கம் நான் காட்டுறேன்.”

“கல்யாணப் பொண்ணு கைய வெளிய நீட்டிக்கிட்டுப் போகுமாடி?” என்றாள் புஷ்பம்.

“மாமன் இருந்தா நீட்டியிருப்பாரும்மா. இப்ப நான் நீட்டுறேன்.”

புஷ்பம் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு தன் கையாலேயே பிள்ளையின் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

அப்படித்தான் போனோம் மச்சான். வலப்பக்கம் என் பட்டுச் சட்டைக் கை. இடப்பக்கம் மருதாணியும் வளையலுமாய் உன் மருமகளின் கை. பின்னால் வந்த பஸ்காரன் முதலில் ஹோன் அடித்தான், பிறகு வளையலைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். பதுளை வரைக்கும் ஒருவனும் முந்தவில்லை. மண்டபத்து ஒழுங்கைக்குத் திரும்பும்போது அவள் கையை நன்றாக வெளியே நீட்டி அசைத்தாள். வாசலில் நின்ற சனம் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பக் கை அசைத்தது.

பாக்கியம் ஓடிவந்து கதவைத் திறந்தாள். “சிக்னல் எரிஞ்சுதா அண்ணே?” என்று கேட்டாள். எரியவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் புஷ்பம், “நல்லா எரிஞ்சிச்சு மதினி” என்றாள்.

சந்தோஷப்படாதே, கோபம் இன்னும் போகவில்லை. சுவிட்ச் திரும்பவும் என் மேசையில் பிரித்துக் கிடக்கிறது. டேஷ்போர்டை வெட்டி ஜப்பான் சுவிட்ச் பூட்டலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறான், இப்போது அவனுக்கும் வாய் வந்துவிட்டது. வெட்ட விடமாட்டேன். உன் மகன் கட்டாரிலிருந்து லீவுக்கு வரும்போது, சிகரெட் தாள் இல்லாமல், மாலை இல்லாமல், இடதும் வலதும் எரிய அந்தக் காரைப் பாக்கியத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன். இது சத்தியம். டெம்பரரி இல்லை.

உன் தங்கச்சியைக் கட்டிய பாவத்துக்கு
உன் காரையும் கட்டி அழுகிற
உன் மச்சான்
சந்திரன்