வயோலா நாற்காலியில் இன்னொருவர்

என் கூடப்பிறந்த தாமஸ் அண்ணாவுக்கு,

லண்டனிலிருக்கும் மாமாவிடம் நீங்கள் கேட்டிருந்த சிடி போன வாரம்தான் வந்து சேர்ந்தது, நீங்கள் இல்லாத வீட்டுக்கு. நம்மைப் போலவே இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று சேர்ந்து வாசிக்கும் உங்கள் ஹங்கேரிக்காரர்கள் நால்வரின் புதிய பதிவு. அட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வயோலாக்காரர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு முகம்.

உங்களுக்குப் பிடித்த அவர் நோயில் இறந்துவிட்டாராம். புடாபெஸ்டில் படிக்கும்போதே சேர்ந்தவர்கள், நாடு விட்டு நாடு போயும் பிரியாதவர்கள் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மற்ற மூவரும் புதியவரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் வாசிக்கிறார்கள். கேட்டால் கோபப்படுவீர்களா அண்ணா?

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் மட்டுமல்ல. அவிநாசி ரோட்டு விபத்தில் நீங்கள் போன பிறகு நம் குழுவில் மிஞ்சிய நாங்கள் மூவரும் வாசிக்கவேயில்லை. இப்போது நம் முதல் வயலின் வாசிக்கும் சேகர், உங்கள் இடத்தில் வாசிக்கப் பல்லடத்திலிருந்து கதிர்வேல் என்பவரை அழைத்து வந்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஆலயத்தில் வாசிக்க வேண்டுமாம். கதிர்வேலிடம் வயோலா இல்லை. உங்களுடையதைக் கேட்டார்கள். "அண்ணனோடதை யாரும் தொடக்கூடாதுங்க" என்று என் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணி என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவரோ பீரோ மேலிருந்து வயோலாப் பெட்டியை இறக்கி என் மடியில் வைத்தார்.

"கொண்டுபோய்க் குடுத்துரு அம்மணி."

"அண்ணி, நீங்களா சொல்றீங்க?"

"தெனமும் இதையப் பாத்துட்டுத்தான் நான் சோறு திங்கோணும். உன்னோட சேந்து வாசிக்க ஆளிருக்குது. எனக்கு இந்தப் பொட்டிதான். இது பேசவா செய்யுது?"



அன்று சாயங்காலம் இருவரும் அந்த சிடியைக் கேட்டோம். வயோலா தனியாக எழும் இடத்தில் மற்ற மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் வாசிக்கிறார்கள். புதியவருக்கு இடம் விடுகிறார்களா, போனவரைத் தேடுகிறார்களா? பாதியிலேயே அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

நேற்று உங்கள் வயோலாவைக் கதிர்வேலிடம் கொடுத்தேன். தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தாடை வெக்கிற கட்டை அவருக்குத் தக்கன இருக்குதுங்க. எனக்கு எட்டமாட்டீங்குது. மாத்திக்கட்டுங்களா?" என்றார்.

"மாத்திக்கோங்க" என்றேன்.

வாசித்தோம். நன்றாக வரவில்லை. பழக்கத்தில் உங்களுக்காகக் காத்திருந்து, தாளத்தை விட்டது நான்தான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவர்களோடு வாசிக்கப் போவேன் அண்ணா. நீங்கள் வாசித்தது போல் இல்லை என்று அந்த மனிதரிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அந்த ஒரு வாக்கைத்தான் என்னால் தர முடிகிறது.

உங்கள் தங்கை,
எஸ்தர்