முள் ஏறாத வண்டி

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

கடிதம் என்றால் 'நீங்கள்' போட்டு எழுதவேண்டும் என்பார்கள். என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். செத்துப்போன பிறகு புதிதாக மரியாதை கொடுத்தால், "இன்னாடா மச்சான், எதுக்கு அடிபோடறே?" என்று கேட்பாய். அதனால் நீயாகவே இரு.

அடிபோடத்தான் செய்கிறேன். உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ விட்டுப்போன கார் செத்துப்போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் மாமா. அலிபிரியில், திருப்பதி மலை ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி எல்லோரும் தேங்காய் உடைக்கிற இடத்தில், இந்த இன்ஜின் இத்தோடு முடியட்டும் சாமி என்று கேட்டேன். பின் சீட்டில் மொட்டை போடப் போகிற குழந்தையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. இவர்களை இறக்கிவிட்ட பிறகு போதும் என்று சேர்த்துச் சொன்னேன். அவ்வளவு கெட்டவன் இல்லை நான்.

பாகாலா ரயில்வே கேட் மூடியிருந்தபோது நீ ஸ்டியரிங்கில் சாய்ந்தாய். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நீ கண் அசந்துவிட்டாய் என்று நினைத்தார்களாம். அந்த மாதம்தான் எனக்குக் குவைத்து விசா வந்திருந்தது. நகரியில் அந்தப் பவர்லூம் சத்தத்திலிருந்து தப்பிக்க எத்தனை பேர் காலில் விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். காரியம் முடிந்த அன்று அக்கா கார்ச் சாவியைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் ஆகிறது. என்னோடு தறி ஓட்டிய முரளி குவைத்துக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்து அங்கே எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறான், ஆனால் திரும்பி வருவதாக மட்டும் சொல்வதில்லை. நகரிப் பையன்களை ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. திருப்பதி ஸ்டேஷன் எதிரில் நம் ஸ்டாண்டில் புதுப்புது வண்டிகள். இறங்கி வருகிறவர்கள் நம் காரைப் பார்த்து "ஏசி லேதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் அடுத்த வண்டிக்குப் போகிறார்கள். எல்லோரும் எங்கேயோ போகிறார்கள். நான் மலை ஏறுகிறேன், மலை இறங்குகிறேன், மறுபடி ஏறுகிறேன்.

உன் சட்டதிட்டங்களையும் வண்டியோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன். தெருவுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது ஒன்று. "நம்ம வண்டி சத்தம் உங்க அக்காவுக்குத் தெரியும்டா, ஹாரன் இன்னாத்துக்கு?" என்பாய். டெம்பரேச்சர் முள் ஏறக் கூடாது என்பது இன்னொன்று. மலைக்கு ஓட்டுகிற டிரைவர்களுக்கு அதுதானே பெருமை. முள் கீழேயே கிடந்தால் வண்டி ஆரோக்கியம், ஓட்டுகிறவன் கெட்டிக்காரன். "நம்ம முள்ளு தூங்கினே கீது பார்" என்று ஸ்டாண்டில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டுவாய்.

அதற்கு முந்தைய கதையை நான் மறக்கவில்லை. உன் வண்டி மலை ரோட்டில் ஒரு வளைவில் கொதித்து நின்ற நாளில் நானும் கூட இருந்தேன். ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து முழங்கை வரைக்கும் சுட்டுக்கொண்டாய். நான் என்ன செய்தேன்? கீழே வந்ததும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மாமா வண்டியில டீயே போடலாம்பா, பால் மட்டும் எடுத்துக்கினு வாங்க" என்றேன். அன்றிலிருந்து ஸ்டாண்டே உன்னை டீ மாஸ்டர் என்று கூப்பிட்டது. நீயும் சிரித்தாய். மாமனைக் கேலி செய்ய மச்சானுக்கு உரிமை இல்லையா என்று நானும் நினைத்தேன். அதற்கப்புறம் முள் ஏறவே இல்லை. எப்படி என்று கேட்டால், "சாமி பொறுப்பு எடுத்துக்கினாருடா" என்பாய்.

போன மார்கழியில் வண்டி படுக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை, டொக்டொக்கென்று சத்தம். ஏற்றத்தில் இழுவை இல்லை. டீசலை மடக் மடக்கென்று குடிக்கிறது. ஆயில் மாற்றிக் கொஞ்ச நாள்கூட ஆகாது, குச்சியை எடுத்துப் பார்த்தால் கரி. ஒரு மெக்கானிக் பம்பு போச்சு என்றான். இன்னொருவன் ரிங்கு போச்சு, இன்ஜினையே இறக்கவேண்டும், அதற்குப் பதில் வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றான். அதைக் கேட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளே என் பாஸ்போர்ட் எழுந்து உட்கார்ந்தது மாமா. இனி அக்காவிடம் நான் எதையும் கேட்கவேண்டாம். வண்டியே செத்துவிட்டது என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

கடைசியாக ஒருத்தரிடம் காட்டிவிடலாம், அவரும் கையை விரித்துவிட்டால் மனசாட்சி குத்தாது என்றுதான் சித்தூருக்கு, பழைய மெக்கானிக் காசிம் பாயிடம் கொண்டுபோனேன். நேராகத் திருப்பதியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவர் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"இவ்ளோ தூரம் ஓடி வந்த வண்டிமேல கை வெச்சிக்கினு நிக்கறேன், பாத்தியா?" என்றார். "காச்சல் வந்தா எல்லாரும் பாக்கறான். இதுக்கு ஜன்னி, ஒடம்பு சில்லிட்டுக் கெடக்குது."

இன்ஜின் ஆறட்டும் என்று மத்தியானம் வரை உட்காரவைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் ஓஸை என்னையே பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே கைக்குள் வெதுவெதுப்பு வந்தது. "வரக் கூடாது," என்றார். "இன்ஜின் நல்லா சூடாகிற வரைக்கும் தண்ணிய உள்ளயே பூட்டி வெக்க ஒரு கதவு இருக்குதுபா, தெர்மோஸ்டாட்டு. அதுவரைக்கும் இந்த ஓஸு சில்லுன்னு இருக்கணும். அப்புறம்தான் திடீர்னு சுடணும். உன் வண்டில கதவு தொறந்தே கெடக்குது. இன்ஜினு சூடே ஆவறதில்ல, டீசலு சரியா எரியறதில்ல. வெயில்ல தெரியாது, மார்கழிப் பனியில காட்டிக்குடுத்துருச்சி. வேற ஒண்ணும் இல்ல."

நான் நம்ப மறுத்தேன். நம்பப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவர் ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் பாதியை மறைத்து வைத்தார். "போய் ஓட்டிப் பாரு. முள்ளு மேல போயிடுச்சின்னா நிறுத்திட்டு அட்டையை எடுத்துரு. பர்வாலேது, ஒண்ணும் ஆவாது, போ."

பாகாலா ரோட்டில் போனேன். பாதி வழிக்கு முன்பே முள் அசைந்தது. மூன்று வருஷத்தில் அது அசைந்து நான் பார்த்ததில்லை. புகை நின்றது, டொக்டொக்கென்ற சத்தம் அடங்கியது, கால் வைத்தால் வண்டி பாய்ந்தது. பாகாலாவில் கேட் போட்டிருந்தார்கள். நீ சாய்ந்த அதே இடத்தில் நின்றேன். முள் நடுவில் வந்து நின்றது. இன்ஜின் அவ்வளவு சீராக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் கேட், பின்னால் லாரி. உன் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. சந்தோஷத்தில் இல்லை.

திரும்பி வந்ததும் காசிம் பாய் தெர்மோஸ்டாட் இருக்கிற இடத்து மூடியைக் கழற்றினார். உள்ளே காலி. கெட்டுப்போகவில்லை, யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். "மலைக்கு ஓட்டறவங்க பண்ற வேலை இது. வண்டி கொதிச்சா பயந்துக்கினு இத்தப் புடுங்கிப் போட்டுர்றாங்க. அன்னிக்கு ரேடியேட்டர்ல மண்ணு அடைச்சிருந்திருக்கும், அவ்ளோதான்," என்றார். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தார். "கழட்டினவன் அத்தத் தூக்கிப் போட்டிருக்க மாட்டான். வூட்ல தேடு. இல்லன்னா புதுசு வாங்கிக்கினு வா."

மறுநாள் காலை, உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அக்காவிடம் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்தாள். உன் லைசென்ஸ், உன் பேட்ஜ், என் பாஸ்போர்ட், அதற்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி அது.

"அவருதான் குடுத்தாரு. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லு, உன் தம்பி கேட்டா கண்டிப்பா சொல்லாதன்னாரு."

"ஏன்?"

"மறுபடி டீ மாஸ்டர்னு கூப்பிடுவியாம். அந்தப் பேர் அவருக்குப் புடிக்கவே இல்லடா. உன்கிட்ட சிரிச்சாரு, வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் சரியா துன்னல."

என் வாயால்தான் நீ அதைக் கழற்றியிருக்கிறாய். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேனே.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். இரண்டு பேரும் பாத்திரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் இறுக்கமாக மூடியே இருந்தது. தண்ணீர் கொதிக்கப் போகிற நேரத்தில் மெல்லத் திறந்தது. வெளியே எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அக்கா, இந்த வண்டி செத்துப்போவணும்னு நான் சாமிகிட்ட கேட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "நானும்தான்டா," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"தெருவுல அந்தச் சத்தம் கேட்டா இன்னும் அவருதான்னு எழுந்து போறேன். வாசலுக்குப் போனா நீ எறங்கி வர்றே. மூணு வருஷமா தெனமும். வித்துடுன்னு சொல்லலாம்னு பார்த்தா, குவைத்தையும் விட்டவன், இதுவும் இல்லன்னா நீ இன்னா பண்ணுவேன்னு வாய மூடிக்கினேன்."

அவளுக்காக நான் ஓட்டினேன். எனக்காக அவள் சகித்துக்கொண்டாள். சரி, பேசி முடித்துவிட்டோம், விற்றுவிடலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியவள் பத்தாவது படிக்கிறாள், அடுப்பு எரியவேண்டும், வேறு வழி இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "அவ பாஸாவட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்றாள். பீரோவை மூடும்போது என் பாஸ்போர்ட்டை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைத்தாள்.

தெர்மோஸ்டாட்டை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது மாமா, கோபம் வருகிற அளவுக்கு நன்றாக ஓடுகிறது. மலையில் முள் பாதி வரை ஏறுகிறது. ஸ்டாண்டில் ஒருவன் பார்த்துவிட்டு, "இன்னாபா, உனக்கும் டீ மாஸ்டர் வேலையா?" என்றான். ஆமாம் என்றேன்.

இனி உனக்குக் கொடுக்கிற வாக்கு. அதை மறுபடி கழற்ற மாட்டேன். கொதித்தால் ஓரமாக நிறுத்தி, ஆறுகிற வரை காத்திருப்பேன். இன்னொன்று, உன் சட்டம் ஒன்றை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள். நேற்றிலிருந்து தெருமுனை திரும்பும்போதே இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறேன். நீ ஒரு நாளும் அடித்ததில்லையே. நேற்று நான் வந்தபோது அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே, "கை கால் கழுவிக்கினு வாடா, சோறு போடறேன்," என்றாள்.

தினமும் அடிப்பேன்.

உன் வாயாடி மச்சான்,
உன் பெண்சாதியின் தம்பி.