நிற்காத கப்பல்கள்

மார்ச் 9, 1879. மிசிசிப்பி

பள்ளிக்கூடத்தை வெள்ளைக்காரர்கள் எரித்துவிட்டார்கள். நான் பாடம் நடத்திய ஒரே அறை. என் கணவர் சைரஸ் சாம்பலைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னார்: "வோட்டுப் போடப் போனா துப்பாக்கி. நம்ம பிள்ளைங்க படிச்சா நெருப்பு. போயிரலாம் லவீனா."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கான்சாஸ்! ஊரே அந்தப் பெயரைத்தானே முணுமுணுக்கிறது. அங்கே கறுப்பருக்கும் நிலம் உண்டாம். நம் பெயரிலேயே!

மார்ச் 15

கிளம்பிவிட்டோம். பக்கத்துக் குடிசை டோர்கஸ் அத்தையும் வருகிறாள். தோட்ட முதலாளி வழிமறித்தார்: "அங்க பனியில விறைச்சுச் சாவீங்க."

"அந்தப் பனியையும்தான் பார்த்திருவோமே ஐயா" என்றாள் அத்தை. சிரிப்பை அடக்கமுடியவில்லை எனக்கு.

மார்ச் 19

ஆற்றங்கரையில் எத்தனை குடும்பங்கள்! கப்பல் வருகிறது, கையசைக்கிறோம். எங்கள் நிறம் தெரிந்ததும் விலகிப் போய்விடுகிறது. எங்களை ஏற்றினால் முதலாளிமார் பருத்திச் சரக்குக் கொடுக்கமாட்டார்களாம்.

மார்ச் 21

இன்னொன்றும் போய்விட்டது. சோளரொட்டி தீர்ந்தது. அத்தைக்குக் காய்ச்சல். திரும்பிப் போவதா? — மாட்டேன்.

மார்ச் 22

கப்பலில் இருந்து எழுதுகிறேன். கப்பலில்!

காலையில் தூரத்தில் புகை தெரிந்ததும், கரையில் கிடந்த மீன்படகில் ஏறிவிட்டேன்.

"பைத்தியமாடி உனக்கு? மோதிருவான்!" என்று கத்திக்கொண்டே சைரஸும் குதித்தார்.

"துடுப்பைப் போடுங்க, அப்புறம் திட்டலாம்!"

நடு ஆற்றில் குறுக்கே நின்றோம். சங்கு அலறியது. நான் எழுந்து நின்று கைகளை விரித்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் இன்னும் படகுகள்! எங்கள் ஆட்கள்!

கப்பல் நின்றது. மேலிருந்து கேப்டன் வசைமாரி பொழிந்தான்.

நான் கத்தினேன்: "கப்பலுக்குக் காசு கொண்டுவந்திருக்கோம். நாங்க குடுத்தா காசு செல்லாதோ?"

மேல்தளத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. "ஏறித் தொலைங்க!"

ஜூன் 2. கான்சாஸ்

மேட்டைக் குடைந்து வீடு. கூரையிலிருந்து மண் கொட்டுகிறது, சூப்பில்கூட. "இந்தக் காத்து ஒரு நாளாவது வாயை மூடுதா பாரு" என்று டோர்கஸ் அத்தை தினமும் சண்டைபோடுகிறாள். சைரஸ் எங்கள் சொந்த வரப்பில் நடக்கிறார், தேவையே இல்லாமல், சும்மா.

செப்டம்பர் 14

குதிரையில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டார்: "குதிரைக்குத் தண்ணி வேணும். முதலாளி எங்கம்மா?"

பழக்கத்தில் நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. எங்கள் சோளம்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"கிணறு அந்தப் பக்கம் இருக்கு," என்றேன். "நான்தான் சொல்றேன், எடுத்துக்கங்க."