அந்தோணி கட்டிவிட்ட கதை

வம்புக்காரனே, என் மச்சான் அந்தோணிக்கு,

நீ போனபின் நம் ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது. ஒயிட் டவுனில் கூட்டம் மட்டும் குறையவில்லை. மஞ்சள் சுவரைக் கண்ட இடமெல்லாம் போட்டோ. ஹாரன் அடித்தால் நம்மைத்தான் முறைக்கிறார்கள்.

அந்த மூலை வீட்டு மாடிக்கு வந்திருக்கும் மவுசைச் சொன்னால் நம்பமாட்டாய். கப்பலேறிப் போன புருஷனுக்காக ஒரு பிரெஞ்சுக்காரி தினமும் அங்கே விளக்கேற்றி வைத்தாளாம். எல்லா டூரிஸ்ட் கைடுகளும் சொல்கிறார்கள். அங்கே இருந்தது சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்க்காரர், கல்யாணமே ஆகாத மனுஷர் என்று இவர்களுக்குத் தெரியுமா? அன்றைக்கு உன் பின்சீட்டில் புதுமணத் தம்பதி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பொறுக்காமல் நீ அவிழ்த்துவிட்ட சரடு அது. இறங்கும்போது கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள்.

உன் மகள் செலின் கைடு வேலையில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். டீக்கடையில் வைத்துக் கேட்டாள்.

"மாமா, அப்பா சொல்லுமே அந்த வெளக்குக் கத, அது நெசந்தானே?"

ஆமாம் என்றால் காலமெல்லாம் அந்தப் பொய்யை ஒப்பிப்பாள். இல்லை என்றால் அவளுக்கு நீ பொய்யனாகிவிடுவாய். நானென்ன செய்ய? உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்போ எங்கப்பா ஊர ஏமாத்திச்சா?"

"சண்ட போட்ட ரெண்டு பேர சேத்து வெச்சான்மா. வேற ஒண்ணும் பண்ணல."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். அவள் கூட்டிப்போன சுற்றுலாக் கூட்டத்தின் பின்னால் பயந்துகொண்டே போனேன்.

மூலைக்கு வந்ததும் கதையை முழுசாகச் சொன்னாள், உன்னைப் போலவே இழுத்து இழுத்து. எல்லாரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் சொன்னாள்: "இது நடந்தது இல்லீங்க. எங்கப்பா கட்டுன கத. பேரு அந்தோணி. இங்கதான் ஆட்டோ ஓட்டுனாரு."

கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். கோயம்புத்தூர் அம்மா ஒருத்தர் ஆசையாகக் கேட்டார், "அவரு ஆட்டோலயே ஊரச் சுத்திப் பாக்கலாமா கண்ணு?"

செலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன்னை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை, அந்தோணி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் உன் பேச்சுதான். இனி அந்த மூலைக்கு யாரை ஏற்றிப் போனாலும் பிரெஞ்சுக்காரியைச் சொல்லமாட்டேன், உன்னைத்தான் சொல்வேன். இது சத்தியம்.

செலினுக்கு மாமன், உனக்கு எப்போதும் மச்சான்,
சேகர்