அறுந்து போகாத நரம்பு

12 ஜனவரி 1997, ஞாயிறு

அடையாறு கோர்ட்டில் காலை ஆட்டம். வலியுல்லாவும் நானும் ஒரு பக்கம். எங்கள் அலுவலக டென்னிஸ் அணியில் ஒன்பது வருஷ ஜோடி. என் பந்து இரண்டு, கோட்டுக்கு வெளியே போயிற்று. உடனே ஆரம்பித்துவிட்டார். "சார், உங்க பேட்ல கட்ஸ் பூட்ச்சு. மாத்திடுங்க." ராக்கெட் நரம்பைத்தான் அப்படிச் சொல்வார். இது நாலாவது தடவை. நாலு வருஷமாக ஒன்றுகூட அறுந்ததில்லை, அறுந்தால் பார்க்கலாம் என்றேன். மற்றவர்கள் மாதத்துக்கு ஒன்றை அறுத்துக்கொண்டு நிற்கிறார்கள். என் கை அப்படிப்பட்ட கை!

நேற்று முதல் அவருக்கு நோன்பு. விடிவதற்கு முன் சாப்பிட்டதோடு சரி, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடுகிறார்.

18 ஜனவரி, சனி

தோற்றோம். அதுவும் அடுத்த மாதப் போட்டிக்கு ஆள் எடுக்கிற ஆட்டத்தில். 6-2, 6-1. என் பந்து ஒவ்வொன்றும் ஒரு சாண் வெளியே. வலியுல்லா நெட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தால் எனக்குக் கவனம் எப்படி நிற்கும்?

அணிச் செயலர் சூடாமணி, என்ன ஆச்சு என்று கேட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். "வயத்துல ஒண்ணும் இல்லாம நோன்பு வெச்சுண்டு ஆட வந்தா இப்படித்தான். அவரைக் கேளுங்கோ" என்றேன். வலியுல்லா குனிந்து பந்துகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

தப்பா சொன்னது? உள்ளதைத்தானே சொன்னேன் —

20 ஜனவரி, திங்கள்

ஜோடியை மாற்றச் சொன்னேன். வலியுல்லாவை எடுத்துவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஸ்ரீரங்கனைப் போட்டார் சூடாமணி.

26 ஜனவரி, ஞாயிறு

குடியரசு தினம். ஸ்ரீரங்கனோடு ஆடினேன். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவன், நெட்டில் தூண் மாதிரி அசையாமல் நின்றான். என் பந்து வெளியேதான் போயிற்று.

சாயங்காலம் கூடத்தில் என் மனைவி விஜயலக்ஷ்மி வீணைக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிய பழைய தந்தி முழுசாகச் சுருண்டு கிடந்தது.

"அறுந்து போகலையே, ஏன் மாத்தறே?"

"நாதம் செத்து மூணு மாசமாறது. அறுந்தப்பறம் மாத்தறவா வீணையே தொடப்படாது" என்றாள். சுவரோரம் இருந்த என் ராக்கெட்டை எட்டி எடுத்து நகத்தால் ஒரு மீட்டு மீட்டினாள். தொப் என்றது. "ஏன்னா, இதை வெச்சுண்டா ஆடறேள்?" என்று சிரித்தாள்.

இருபது வருஷமாக வீணை ஆசிரியையோடு குடித்தனம் செய்கிறவன் நான். அறுபடாத நரம்பைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐயோ. அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சேன்? அத்தனை பேர் முன்னால?

28 ஜனவரி, செவ்வாய்

பாண்டி பஜார் கடையில் ராக்கெட்டைக் கொடுத்தேன். கடைக்காரர் நரம்புகளை விரலால் தள்ளினார். தள்ளின இடத்திலேயே கோணலாக நின்றன, திரும்பவில்லை. ஒன்றோடொன்று உரசும் இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது.

"வாரத்துக்கு எத்தினி நாள் ஆடுறீங்க?"

"மூணு."

"அப்ப வருசத்துக்கு மூணு தபா மாத்தணும் சார். அறுந்தாலும் சரி, அறுவாட்டியும் சரி. இது போட்டு எத்தினி வருசமாச்சு?"

ஒரு வருஷம் என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம்கூடப் பொய்.

30 ஜனவரி, வியாழன்

டங் என்று சத்தம். பந்து கோட்டுக்குள். அடுத்ததும் கோட்டுக்குள். அதே கை, அதே வீச்சு. "ஜோடி மாத்தினதுல பலன் தெரியறது" என்றார் சூடாமணி. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நரம்பு மாற்றினதை மறைத்துவிட்டேன். துப்புக்கெட்டவன்.

31 ஜனவரி, வெள்ளி

மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபின் வலியுல்லா மட்டும் தன் மேஜையில் இருந்தார். எதிரே போய் நின்றேன்.

"இன்னா சார்?"

"அந்த... மார்ச் மாச ஃபைல்."

எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த ஃபைல் எனக்குத் தேவையே இல்லை. அவருக்கு மேலதிகாரி வேறு நான். வெட்கக்கேடு.

2 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நாளை பெயர்ப் பட்டியல் போய்விடும். இன்று விட்டால் வலியுல்லாவுக்கு இந்த வருஷம் ஆட்டம் கிடையாது. சூடாமணியிடம் சொல்லி அவரையும் வரவழைத்தேன். அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள்.

"அன்னிக்குத் தோத்தது என்னாலதான். என் பேட்ல நரம்பு செத்துக் கிடந்தது. இவர் நாலு தடவை சொன்னார், நான் கேக்கலை. நோன்பைப் பத்திப் பேசினது என் அயோக்கியத்தனம்." இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

என் பெயரை எடுத்துவிட்டு வலியுல்லாவைப் போடச் சொன்னேன். ஸ்ரீரங்கன், தானே விலகிக்கொள்வதாகச் சொன்னான். அவன் என்ன பாவம் செய்தான்? நான்தான் விலகினேன்.

போகும்போது வலியுல்லா என் பக்கம் வந்தார். "கட்ஸ் விஷயம் போவட்டும் சார். அன்னிக்கு ஊட்ல நோன்பு தொறக்கறப்போ பேரீச்சம்பழம் கைல கீது, உங்க வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு. இன்னா ஒரு மாதிரி கீறேன்னு சகினா கேட்டா. பொஞ்சாதி கைல எப்டி சார் அத்த சொல்றது?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

ரம்ஜான் பெருநாள். வருஷா வருஷம் அவர் வீட்டிலிருந்து சேமியா பாயசம் வரும். இந்த வருஷம் வரவில்லை. இருட்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதுதான் இன்னும் கேவலம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

போட்டி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வலியுல்லா நெட்டில் குறுக்கே பாய்ந்து பாய்ந்து அடித்தார். எனக்கும் ஒன்பது வருஷம் இப்படித்தான் பாய்ந்திருக்கிறார், நான்தான் பார்த்ததில்லை. முதல் சுற்றில் ஜெயித்தார்கள்.

முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நேராக என்னிடம் வந்தார். தன் ராக்கெட்டை நீட்டினார்.

"சார், இத்த கொஞ்சம் தட்டிப் பாருங்க. மாத்தணுமா?"

நகத்தால் மீட்டினேன். சத்தம் லேசாக மங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். இனி சமாளிப்பு வேண்டாம்.

"மாத்தணும், வலியுல்லா."

"சரி சார், நாளைக்கே மாத்திடறேன்" என்று வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். நான் ஒரே தடவைதான் சொன்னேன்.