கொம்பியூட்டர் கேட்ட கேள்வி

07.06.2004, திங்கள்

புதுக் கொம்பியூட்டர் வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தது. இவர் அதைப் பிள்ளைத்தாச்சியை இறக்குவதுபோல வான் வண்டியிலிருந்து இறக்கினார். நான் உண்மையிலேயே பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதுகூட என்னை அப்படி இறக்கினதில்லை.

பழையதை, கண்டாவளையில் ரைப்பிங் படிப்பிக்கிற இரஞ்சிதத்துக்குக் கொடுக்கிறோம். கொடுக்க முன்னம் உள்ளே கிடக்கிற எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். ஊர்ச்சனத்தின் கடிதம் முழுக்க அதற்குள்தானே. கிளிநொச்சியில் ஈமெயில் எடுத்துக் கொடுக்கிற எங்கள் கடைக்கு ஒரே ஒரு விலாசம். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அதற்குத்தான் எழுதுவார்கள், "சிவனேஸ் அக்கா, இதை அம்மாவிட்டக் குடுங்கோ" என்று. நான் பிறின்ற் எடுத்து, என்வலப்பில் போட்டுப் பெயர் எழுதி வைப்பேன். யாருடையதையும் வாசிக்கமாட்டேன். கண்ணில் பட்டது வேறு கதை.

கழுவாத சட்டியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காதவள் நான். கொம்பியூட்டரைக் கொடுப்பேனா? திருத்த வேலை செய்யும் ஜனகன் வந்து ஒன்றும் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டான். பார்க்கத் திருப்தியாக இருந்தது.

08.06.2004

ஈமெயில் பாஸ்வேர்ட் கேட்கிறது! பழையது ஒருநாளும் கேட்டதில்லை, தானே திறந்துவிடும்.

கணக்கைத் திறந்தது இவர். "எனக்குத் தெரியும், நீர் பதறாதையும்" என்றார். பொழுதுபடும்வரை தெரிந்துகொண்டே இருந்தார். மகனின் பெயர், மோட்டார்சைக்கிள் நம்பர், செத்துப்போன நாயின் பெயர் — எதற்கும் அசையவில்லை.

ஜனகனைக் கூப்பிட்டோம். "பாஸ்வேர்ட் பழையதுக்குள்ள சேவ் பண்ணிக் கிடந்திருக்கும் அக்கா. நீங்கள்தானே அழிக்கச் சொன்னனீங்கள்?"

துப்புரவு துப்புரவு என்று இனி யாரும் என்னைப் புகழ வேண்டாம்.

09.06.2004

வேறு விலாசம் திறக்கலாம்தானே என்கிறான் ஜனகன். திறந்து? யாருக்கு எழுதுவது? எல்லாருடைய விலாசமும் பூட்டினதற்குள் கிடக்கிறது.

உருத்திரபுரத்திலிருந்து ஆண்டியப்பன் ஐயா சைக்கிளில் வந்தார். மகள் தர்மிளா சுவிஸில். தலைப்பிரசவம், இந்த மாதத் தொடக்கத்தில் என்று நாள் சொல்லியிருந்தார்கள். வீடு மாறிவிட்டாள். பழைய ரெலிபோன் நம்பர் வேலை செய்யாது, புது நம்பரை ஈமெயிலில் அனுப்புகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தாள். ஐயா தனி ஆள், மனைவி காலமாகிவிட்டா.

"வந்திருச்சாங்கம்மா?"

"கொம்பியூட்டர் கொஞ்சம் பழுது ஐயா. நாளைக்கு வாங்கோ."

நேற்று முந்தநாள் பெட்டி பிரித்த சாமானைப் பழுது என்கிறேன்.

10.06.2004

ஐயா வந்தார். வாசல் வாங்குப் பலகையில் இருந்தார். போனார். மற்றச் சனம் வந்து கத்துகிறது, நானும் திருப்பிக் கத்துகிறேன், கணக்குச் சரியாகிவிடுகிறது. இந்த மனுசன் கத்தாமல் போவதுதான் தாங்க முடியவில்லை.

11.06.2004

ஜனகன் வழி கண்டுபிடித்தான். பாஸ்வேர்ட் மறந்தவர்களிடம் அது ஒரு கேள்வி கேட்குமாம். கணக்குத் திறந்த அன்று கொடுத்த அதே பதிலைச் சொன்னால் உள்ளே விடும். கேள்வி இங்கிலீசில் வந்தது. உங்கள் வாழ்க்கைத் துணையை முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

எனக்குச் சிரிப்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா! இடம்பெயர்ந்து அக்கராயனில் இருந்த நேரம், பிள்ளையார் கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். நான் தலை நிமிரவே இல்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவா.

கோயில் என்று அடித்தேன். பிழை. பிள்ளையார் கோயில். பிழை. அக்கராயன். பிழை. இன்றைக்கு இனி ஏலாது என்று பூட்டிக்கொண்டது.

திரும்பினால் இவரைக் காணோம். ஜெனரேற்றருக்கு டீசல் விடப் போனாராம். கலியாணம் முடித்த நாளிலிருந்து தானாக எழும்பிப் போய் டீசல் விட்ட மனுசனா இவர்?

12.06.2004

கோயில் இல்லையென்றால் எங்கே? யாரை?

கேட்டேன். "அதை விடும்" என்றார். எப்பிடி விடுறது? ஏழு வருசமாச் சமைச்சுப் போடுறவளுக்குச் சொல்லேலாத பதிலை ஒரு மிசினுக்குச் சொல்லி வைச்சிருக்கிறார்! எவளோ ஒருத்தி இருந்திருக்கிறாள். இருக்கட்டும், இருக்கட்டும்.

மத்தியானம் சோறும் பருப்பும் மட்டும். அப்பளம் பொரிக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிழையில்லாத ஆள் என்றால் அப்பளம் எங்கே என்று கேட்டிருக்கும்.

13.06.2004, ஞாயிறு

காலையில் கடையில்:

"பதிலை நான் அடிக்கிறன். நீர் கொஞ்சம் வெளியில போய் நில்லும்."

"நான் ஏன் போக? எனக்கு முன்னாலேயே அடியுங்கோ."

"ஏலாது."

"அப்ப பூட்டியே கிடக்கட்டும்!"

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாங்கில் ஆண்டியப்பன் ஐயா. வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார்.

"பொறந்திருக்கும்ல தாயி?" என்றார். "ரெண்டு உசுரும் நல்லாத்தான இருக்கும்?"

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஒரு மனுசன் மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறார், நான் எவளோ ஒருத்தியோடு மல்லுக்கட்டுகிறேன். வெளியே போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீதியில் நின்றேன். அவள் எவளாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

"சிவனேஸ், வாரும்! திறந்திட்டுது!"

தர்மிளாவின் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். புது நம்பரும் இருந்தது, படமும் இருந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயைத் திறந்து கத்துகிறது. ஐயா தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்க மீனம்மாதான். அதே கோவம்" என்றார். மீனம்மா அவருடைய மனைவி. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

அதன்பிறகு கடை நிறையச் சனம். நான் வேகவேகமாகப் பிறின்ற் எடுத்துக்கொண்டிருந்தேன். இவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டார், கேட்காதது இவருக்குப் பொறுக்கவில்லைப் போல. காதடியில் வந்து ஏதோ சொன்னார். ஜெனரேற்றர் சத்தத்தில் விளங்கவில்லை.

"என்ன?"

திரும்பச் சொன்னார்.

"கேக்கேல்லை!"

மூன்றாம் தரம் தொண்டை கிழியக் கத்தினார். அந்த நேரம் பார்த்து டீசல் முடிந்து ஜெனரேற்றர் நின்றது.

"மண்ணெண்ணெய் வரிசையில எண்டுறன்! இடையில புகுந்தவன்ர எண்ணெய்க் கானைப் பறிச்சு எறிஞ்சுபோட்டு, தலைவிரி கோலமாச் சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனீர்!"

கடை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஆண்டியப்பன் ஐயாதான் முதலில் சிரித்தார்.

இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த மனுசி வீட்டில இருந்தா எங்களை ஒருத்தரும் ஏமாத்தேலாது எண்டு நினைச்சனான். அண்டைக்கே புரோக்கரைத் தேடிப் போனனான். கோயிலில உம்மட அம்மா, தலை நிமிராத பிள்ளை எண்டு சொல்லேக்க நான் சிரிப்பை அடக்கினபாடு..."

"அதை எனக்குச் சொல்ல என்ன?"

"சொன்னா, அப்பிடிப் பொய் சொன்ன உம்மட அம்மாவோட சண்டைக்குப் போவீர்."

போயிருப்பேன். அது உண்மை.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தேன். வெள்ளிக்கிழமை இவர் விட்ட டீசல் எங்கே போனது என்று பிறகொரு நாள் கேட்கவேண்டும்.

16.06.2004

கிளிநொச்சி முழுக்கப் பரவிவிட்டது. சந்தையில் மீன்காரன் என்னைக் கண்டதும் இடையில் நின்ற ஆளைப் பிடித்துப் பின்னுக்கு விடுகிறான்.

ஊருக்கே தெரிந்த பதிலை வைத்திருக்க முடியுமா? கேள்வி அப்படியே இருக்கட்டும், பதிலை மாற்றுங்கோ என்றான் ஜனகன். பாஸ்வேர்டும் இனி என்னுடைய பொறுப்பு.

"கோயில் எண்டே போடும்" என்றார் இவர்.

கோயில் என்று போடவில்லை. கோயிலுக்கு முன்னம் ஒருநாள், அவருக்குத் தெரியாமல், நானும் அவரைக் கண்டிருக்கிறேன். எங்கே, என்ன கோலத்தில் என்று இந்த டயறியிலும் எழுதமாட்டேன்.

"நீங்கள் கொஞ்சம் வெளியில போய் நில்லுங்கோ" என்றேன்.

முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். போய் வீதியில் நின்றார். நான் அடித்து முடிக்க முன்னம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.