கல்ஃப் ஊசியும் கோழிக்கறியும்

1976 மார்ச் 9, செவ்வாய்

இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு தானா முண்டு மடக்கிக் கட்டினாரு. ஒரு மாசமா நான்தான் கட்டிவிட்டேன். அடுக்களையில நின்னு கைகொட்டிச் சிரிச்சேன்.

கல்ஃபுக்குப் போக ஊசி போட்ட பிறகு அவரு விரலெல்லாம் வீங்கிச்சு. இவரைப் பெத்த மாமிக்கு ஒரே சந்தோசம். "அம்மை குத்தினா பழுக்கணும்லா மக்கா? இதும் அதுபோலத்தான். ஊசி நல்லா பிடிச்சிருக்காக்கும்." கால்முட்டு வீங்கினப்ப கோழியடிச்சுக் கறி வச்சாங்க. நானும் ருசிச்சுத் தின்னேன்.

நெய்யாற்றின்கரை டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. மருந்து உடம்புல நல்லா பிடிக்க ஊசியில ஏதோ சேர்ப்பாங்களாம். அது அநேகம் பேரை ஒண்ணும் செய்யாதாம். மாமி குடும்பத்துல முட்டுவாதம் உண்டு. அந்த மாதிரி உடம்புல அது பட்டா, உடம்பு அபூர்வமா தன்னையே எதிரியா நினைச்சு அடிக்குமாம். இவருக்கு அடுத்த ஊசி வேண்டான்னுட்டாரு.

ஊசி இல்லேன்னா கல்ஃபும் இல்ல. குடியிருந்த மண்ணை நமக்கே தந்த குடிகிடப்புச் சட்டத்துல கிட்டின பத்து சென்டுல வீடு கட்டுறது எப்படி... அந்தக் கவலை நாளைக்கு.

சாயங்காலம் இவரு கல்ஃபுக்குன்னு வாங்கின புதுப் பெட்டியையே பாத்துட்டு இருந்தாரு. பெட்டியைத் திறந்து வைக்கோலும் முட்டையும் வச்சு, கறிக்குத் தப்பின கோழியை அடைக்கு இருத்தினேன். இவரு சிரிச்ச சிரிப்புல அது எழும்பி ஓடிட்டு.